ஏரிக்கரையில் கொட்டிய சாக்லேட்

போன மாதம் எங்கள் கால்நடை ஆய்வாளர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு நாய்க்குட்டி, அதன் முன்னால் ஒரு சாக்லேட், குறுக்கே சிவப்புக் கோடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: "நம்ம பக்கம் கிராமத்துல யாரு மேடம் நாய்க்குச் சாக்லேட் வாங்கிப் போடறாங்க? மாட்டுக்கே தவுடு கிடைக்கல." ஏழெட்டுப் பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உத்திரமேரூர் சுற்றுவட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். பாதிக் காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளுக்குப் பதில் எழுத போனை எடுத்தேன். நாலு வரிக்கு மேல் விரல் போகவில்லை. அதனால் நோட்டில் எழுதுகிறேன். என் மகள் டைப் அடித்துக் குழுவில் போடுவாள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடு, ஆடு, கோழி, திரும்பவும் மாடு. சினை ஊசி போடுவதற்கும் சினை பார்ப்பதற்கும் மாதக்கணக்கில் கற்றுக் கொடுத்தார்கள். நாய்க்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம். அதிலும் வெறிநோய்த் தடுப்பூசி மட்டும்தான். நாய் என்ன தின்னலாம், என்ன தின்னக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரிந்தது ஒரு போன் அழைப்பில். எங்கள் மருந்தகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு வெள்ளைப் பொமரேனியன். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தம்மா போன் செய்தார். பிள்ளை வாங்கி வந்த சாக்லேட் பெட்டி ஒன்றை நாய் முழுசாகத் தின்றுவிட்டதாம். "ஓடி ஆடிக்கினுதாம்மா கீது. ஆனாலும் மனசு கேக்கல" என்றார்.

நான் சிரித்தேன். "சாக்லேட்டுதானே, ஒண்ணும் ஆகாதும்மா. கொஞ்சம் மோர் குடுங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். டாக்டர் உள்ளேதான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாயங்காலம் வாத்தியார் துண்டில் சுற்றி நாயைத் தூக்கி வந்தார். அதற்குள் அது விறைத்திருந்தது.

எங்கள் டாக்டர் யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். தெற்குப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். எந்த அவசரத்திலும் ஒரே வேகத்தில் பேசுவார். அவர் பேரைப் போட வேண்டாம், டாக்டர் என்றே எழுதுகிறேன். வாத்தியார் போன பிறகு என்னை உட்காரச் சொன்னார். ஒரு பேப்பரை நீட்டி, "ஆய்வாளரம்மா, காலைல போன்ல நீங்க சொன்னத அப்படியே எழுதுங்க" என்றார். எழுதினேன். "இதுல நீங்க கேட்ட கேள்வி எத்தனை?" என்றார். ஒன்றுகூட இல்லை.

"மூணு கேக்கணும். என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, எப்போ தின்னுச்சு. அப்புறம் எடை. வந்த நாயைத் தராசுல நிறுத்த முடியலன்னா, வீட்டுக்காரர் நாயைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை ஏறட்டும், இறக்கிட்டு ஒரு தடவை ஏறட்டும். சாக்லேட்ல இருக்கற சரக்கு நம்ம உடம்புல சீக்கிரம் கரைஞ்சு போயிடும். நாய் உடம்புல நாள் கணக்கா நிக்கும். கறுப்பா, கசப்பா இருக்க இருக்க விஷம் அதிகம். பால் கலந்தது கொஞ்சம் பரவாயில்ல. ஓடி ஆடிக்கிட்டு இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல? அந்த நேரந்தான் நமக்குக் கிடைச்ச நேரம். அப்பவே கூட்டிட்டு வரச் சொல்லி வாந்தி எடுக்க வெச்சிருந்தா பொழைச்சிருக்கும். நடுக்கம் வந்த பிறகு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மூச்சுக்குழல்ல போயிடும்."

அவ்வளவுதான். அந்தப் பேப்பரை அவர் கிழிக்கவும் இல்லை, ஃபைலில் வைக்கவும் இல்லை. என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாத்தியார் வீட்டுத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல் போவேன். சர்க்கரை இல்லாத சூயிங்கம், கேசரியில் போடும் திராட்சை, எல்லாம் நாய்க்கு ஆகாது என்று டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இனி, அந்த ஏரிக்கரைச் சம்பவம்.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்த சமயம். காலை எட்டு மணி இருக்கும். மருந்தகத்தைத் திறந்து குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லப்பன் போன் செய்தான். எங்கள் மருந்தகத்திலிருந்து நாலு கிலோமீட்டரில் ஏரிக்கரையை ஒட்டி இருபது இருளர் வீடுகள். சவுக்கு வெட்டு, நெல் அறுப்பு, செங்கல் சூளை என்று கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு ஒரு நாயாவது இருக்கும். கரை முழுக்கப் பாம்பு. நாய் இல்லாமல் அங்கே குழந்தைகளை வெளியே படுக்கவைக்க முடியாது. எல்லப்பன் அங்கே முப்பது வயசு ஆள். தடுப்பூசி முகாமுக்கு எல்லோரையும் கூட்டி வருவது அவன்தான். அங்கே எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான்.

"டாக்டரம்மா, நாயெல்லாம் வுளுந்து வுளுந்து சாவுது. மூணு பூட்ச்சு. ரெண்டு இஸ்துகினு கீது. வரதன் மருந்து வெச்சிட்டான். சாரை இட்டுக்கினு சீக்கிரம் வாங்க. இன்னைக்கி ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்."

டாக்டரின் வண்டியில் பின்னால் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வரதன் யார் என்று எனக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஊரில் பத்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. அவர் மாடுகளுக்கு நான்தான் ஊசி போடுவேன். இரண்டு நாள் முன்னால் அவர் கன்றுக்குட்டியை இந்த நாய்கள் துரத்திக் கடித்துவிட்டன. அப்போது டீக்கடையில் நின்று, "எல்லா நாய்க்கும் ஒரே நாள்ல மருந்து வெச்சிடறேன் பாரு" என்று கத்தியிருக்கிறார். நானே அந்தக் கன்றுக்குக் கட்டுப் போட்டேன். என்னிடமும் அதைச் சொன்னார்.

போய் இறங்கியதும் முதலில் பார்த்தது வேப்ப மரத்தடியில் வரிசையாகக் கிடந்த மூன்று நாய்கள். மேலே தென்னை ஓலை போட்டிருந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்கள் சவுக்கு வெட்டும் கத்தியோடு நின்றார்கள். யாரும் பேசவில்லை. கூச்சல் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஏரியின் அந்தக் கோடியில், கரைமேல், ஊர் ஆட்கள் கூடுவது தெரிந்தது. அவர்கள் கையில் என்ன இருந்தது என்று அங்கிருந்து தெரியவில்லை.

உயிரோடு இருந்த இரண்டில் ஒன்று ஒரு கிழட்டுப் பெட்டை. நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று எல்லப்பன் வீட்டுச் செவலை. இரண்டு வயசுக் கடுவன், நல்ல வாட்டம். அது பக்கவாட்டில் கிடந்து நான்கு காலாலும் ஓடுவதுபோல் உதைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் நாயைத் தொடுவதற்கு முன்னால் நிமிர்ந்து, "குழந்தைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அதை ஏன் முதலில் கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒருத்தி முன்னால் வந்தாள். "ரெண்டு புள்ள வாந்தி எடுத்துக்கினு கீது சார். வெயிலுன்னு நெனச்சோம்."

நாய் தின்றதையே பிள்ளைகளும் தின்றிருந்தால்?

"என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சிதான் சார். எல்லாருந்தான குடிச்சோம்."

"முதல்ல அவங்களை அனுப்புங்க. ஆய்வாளரம்மா, நூத்தியெட்டுக்குப் போடுங்க. வாந்தி எடுக்காத குழந்தையும் போகட்டும். அஞ்சு வயசுக்குக் கீழ யாரையும் விட்டுடாதீங்க." போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் கை நடுங்குகிறது, யார் கண் செருகுகிறது என்று. ஆறு பிள்ளைகளும் தாய்மாரும் ஏறிப் போனார்கள். தன் பிள்ளையோடு ஏறிய ஒருத்தி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, ஒண்ணும் ஆவாதில்ல?" என்றாள். ஒருமுறை அந்த வார்த்தையை எளிதாகச் சொன்னவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. "போயிட்டு வாங்க, பாத்துப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் டாக்டர் செவலையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். "இங்க பாருங்க. வயலுக்கு அடிக்கற மருந்துல பெரும்பாலும் கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கிடும், எச்சில் கொட்டும். இதுக்கு விரிஞ்சிருக்கு. வாய் காய்ஞ்சிருக்கு." நாயின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். "எலி மருந்துன்னா பூண்டு நாத்தம் வரும். வரல."

நான் பின்னங்கால் தொடையின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தேன். எண்ண முடியவில்லை. இருநூறுக்கு மேல். இடையிடையே ஒரு துடிப்பைத் தாண்டிப் போனது. உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது.

"அப்ப வரதன் வெக்கலயா?" எல்லப்பன் கேட்டான்.

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படிச் சொல்லல. உதற வைக்கற பூச்சி மருந்தும் இருக்கு. இன்னும் தெரியல."

"தெர்யணும்னு இன்னா சார் கீது? ஊரே கேட்டுச்சு அவன் சொன்னத. வாங்கடா."

ஆண்கள் நகர்ந்தார்கள். எல்லப்பன் முன்னால். டாக்டர் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நரம்பில் ஊசியை ஏற்றி டேப் ஒட்டிக்கொண்டே, "எல்லப்பா, இங்க வா. இந்தப் பாட்டிலைப் பிடி" என்றார்.

அவன் நின்றான்.

"மரத்துல கட்டினா இது உதைக்கற உதையில ஊசி கழண்டுடும். ஆள்தான் பிடிக்கணும், உன் நாய்க்கு உன்னைத்தான் தெரியும். கையைத் தலைக்கு மேல தூக்கு. இறக்கினா தண்ணி ஏறாது. ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள நான் உனக்குப் பதில் சொல்றேன்."

எல்லப்பன் கத்தியைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். கத்தியைத் தரையில் குத்திவிட்டு வந்து பாட்டிலை வாங்கினான். அவன் போகாததால் மற்றவர்களும் போகவில்லை. நின்ற இடத்திலேயே குந்தினார்கள்.

நடுக்கத்தை அடக்கும் ஊசியைப் போட்டோம். கோணியை நனைத்து நாயின் மேல் போட்டோம். கிழட்டுப் பெட்டைக்கு நினைவு தெளிவாக இருந்தது, விழுங்கவும் முடிந்தது. அதற்கு விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அப்போதுதான் அது வாந்தி எடுத்தது. என் புடவையில், முழங்கைவரை. கெட்டியாக, கறுத்த பழுப்பு நிறத்தில்.

இனிப்பு வாசனை. வாத்தியார் துண்டிலிருந்து வந்த அதே வாசனை.

"சார்" என்றேன். கையை நீட்டினேன். அவர் முகர்ந்தார். தலையை ஆட்டினார். "இருக்கலாம். ஆனா இங்க எங்கிருந்து வரும்? இத்தனை நாய் சாகற அளவுக்கு? எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. கண்ணால பாக்காம இவங்ககிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

யாரிடம் கேட்பது? பெரியவர்களிடம் கேட்டால் சாக்லேட்டா என்று முறைத்தார்கள். வரதனைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று ஒருவன் வெளிப்படையாகவே சொன்னான். "மாடு வெச்சிருக்கறவன் பக்கந்தான பேசுவாங்கோ." பிள்ளைகளில் பெரியவர்கள் நாலைந்து பேர் மிச்சம் இருந்தார்கள். நான் பார்த்ததும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது.

எல்லப்பனின் மகள் அஞ்சலியை மட்டும் காணோம். ஒன்பது வயசு. தடுப்பூசி முகாமில் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "குத்துங்க, நான் புட்ச்சுக்கறேன்" என்று சொல்லும் பிள்ளை. நாய் செத்துக்கொண்டிருக்கும்போது அவள் ஏன் அதன் பக்கத்தில் இல்லை?

வீடுகளுக்குப் பின்னால் வெட்டி அடுக்கிய சவுக்குக் கட்டைகளின் இடுக்கில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு நடுவில் முகத்தைப் புதைத்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். என்ன தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, எப்போ தின்னுச்சு. மூன்று கேள்வியும் கேட்டாக வேண்டும். கேட்டால் இவள் தலையில் விழும். கேட்காவிட்டால் ஏரிக்கரையில் யார் தலை விழுமோ.

"அஞ்சலி, நீங்க எதனா கண்டெடுத்தீங்களா?"

அழுகை மட்டும் வந்தது.

"அடிக்க மாட்டாங்க. நான் பக்கத்துல இருப்பேன். ஆஸ்பத்திரில டாக்டருக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் தம்பி தங்கச்சிங்களுக்குச் சரியான மருந்து குடுப்பாங்க."

அவள் எழுந்து நடந்தாள். நான் பின்னால் போனேன். கரையின் பின்சரிவில், வேலிக்கருவை மறைவில் இரண்டு பெரிய மூட்டைகள். வண்டிச் சக்கரத் தடம் மண்ணில் பதிந்திருந்தது. மூட்டை வாய் கிழிந்து, கேக் கடைகளில் உருக்கி ஊற்றுவார்களே, அந்தக் கறுப்புச் சாக்லேட் கட்டிகள் வெயிலில் இளகிப் பரவியிருந்தன. உறையில் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். தேதி முடிந்து எத்தனையோ மாதம். நாய்களின் கால் தடம் சுற்றிலும்.

"நேத்து சாய்ங்காலம் வேன்லேர்ந்து போட்டுட்டுப் போனாங்கோ" என்றாள். "நாங்க எல்லாரும் துன்னோம். எனக்குக் கசந்துச்சு. வூட்டுக்கு எட்த்துக்கினு போயி என்னுத செவலைக்குக் குட்த்துட்டேன். அது நல்லா துன்னுச்சு. திரும்பித் திரும்பிக் கேட்டுச்சு. ரெண்டு கட்டி குட்த்தேன். அப்பால அதுவே மத்ததுங்களை இங்க இட்டுக்கினு வந்துருச்சு."

ஒரு கட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்திலிருந்தே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்திருந்தது. பூச்சி மருந்து இல்லை, பழைய சாக்லேட், அளவுக்கு மேல் தின்றிருக்கிறார்கள் என்று சொன்னேன். அங்கிருந்த டாக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறுதான், சாயங்காலம் வரை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். போனை வைத்தேன். வேலிக்கருவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அஞ்சலி என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். "நான் குட்த்ததாலதான் சாவுதா?"

பொய் சொல்லத்தான் தோன்றியது. நாயே போய்த் தின்றது, உன்னால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள். என் பொய்யை நம்ப மாட்டாள், அதற்கப்புறம் எதையும் நம்ப மாட்டாள்.

"சாக்லேட்டாலதான். அது நாய்க்கு விஷம்னு உனக்குத் தெரியாது. படிச்ச எனக்கே ஒரு காலத்துல தெரியாது. அத இங்க கொட்டிட்டுப் போனவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

அவள் தலைப்பை விடவில்லை.

டாக்டரிடம் கட்டியைக் கொடுத்தேன். அவர் உடைத்துப் பார்த்தார், நுனியை நாக்கில் வைத்தார். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "யாரும் மருந்து வைக்கல. ஏரிக்கரையில ரெண்டு மூட்டை சாக்லேட் கிடக்கு. போய்ப் பாருங்க. பிள்ளைங்க நல்லா இருக்காங்க." நாலு பேர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன், பிள்ளைகள் சொன்னதை வைத்து, வாய் தவறி, "அஞ்சலிதான் மொதல்ல எட்த்தாந்து குட்த்துதாம்" என்றான்.

எல்லப்பன் திரும்பினான். முகம் கறுத்துப் போயிருந்தது. பாட்டில் பிடிக்காத கை மேலே எழுந்தது. அஞ்சலி என் பின்னால் ஒளிந்தாள். எனக்கு அடிபடும் என்றே கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாட்டில் எறங்குது" என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்தேன். எல்லப்பனின் வலது கை தானாகவே மேலே போயிருந்தது. ஓங்கிய இடது கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையையும் தூக்கியபடி நின்று அழுதான்.

செவலை பதினொரு மணிக்குப் போய்விட்டது. நடுவில் ஒருமுறை உதறல் நின்று, தலையைத் தூக்கி அஞ்சலியைப் பார்த்தது. பிழைத்துவிடும் என்றே நினைத்தேன். அடுத்த நிமிஷம் நாடி என் விரலுக்குக் கீழே தாறுமாறாக ஓடி, நின்றது. டாக்டர் மார்பை அழுத்தினார், ஊசி போட்டார், திரும்ப அழுத்தினார். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எல்லப்பனிடம், "கையை இறக்கிக்கலாம்பா" என்றார். அவனால் உடனே இறக்க முடியவில்லை, தோள் மரத்துப் போயிருந்தது. இரண்டு பேர் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்கள்.

கிழட்டுப் பெட்டை பிழைத்தது. மணிக்கொருமுறை அதை நடத்திக்கொண்டு போய் மூத்திரம் போக வைக்கச் சொன்னார் டாக்டர், அந்த விஷம் மூத்திரப்பையிலிருந்து திரும்ப உடம்பில் ஏறுமாம். ஐந்தாறு வீட்டுப் பெண்கள் முறை வைத்து நடத்தினார்கள்.

நான்கு நாய்களையும் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது வரதன் வந்தார். தனியாக வந்தார், தோளில் மண்வெட்டி மட்டும். முகத்தில் ரத்தமே இல்லை. காலையிலிருந்து வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழியோரம் நின்று, "வாய்ல வந்தத பேசிட்டேன் எல்லப்பா. செய்யறவன் இல்ல நான்" என்றார். எல்லப்பன் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றான். அந்த இடத்தில் வரதன் இறங்கி வெட்டினார். சாக்லேட் மூட்டைகளையும் ஆள் உயரத்துக்குக் குழி எடுத்துப் புதைத்து, மேலே கல் அடுக்கினோம். கொட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டாக்டர் மனு எழுதினார், நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு வேன், அவ்வளவுதான் யாருக்கும் நினைவிருந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அந்தக் குடியிருப்புக்குப் போனேன். புதுக் குட்டிகள் வந்திருந்தன. அஞ்சலியும் ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். வெள்ளையும் கறுப்புமாக, முட்டிவரை வராத குட்டி. பக்கத்தில் வந்ததும்தான் பார்த்தேன். அதன் வாயைச் சுற்றிப் பழைய பாவாடைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கட்டின இடத்தில் ரோமம் தேய்ந்திருந்தது. ஊசிக்காகக் கட்டிய கட்டு இல்லை, நாள்பட்ட கட்டு. குட்டியின் விலா எலும்பு தெரிந்தது.

நான் முடிச்சில் கை வைத்தேன். அவள் குட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அவுக்காதீங்க. எதனா துன்னுடும்."

"எப்போ சோறு போடுவே?"

"நான் பாத்துக்கினு இருக்கும்போ ஒரு வாட்டி. அப்பால கட்டிடுவேன்."

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏரிக்கரையில் கத்தியோடு நின்றவர்களைப் பார்த்து நான் பயந்தது ஒரு நாளோடு போயிற்று. இந்தப் பிள்ளை இரண்டு மாதமாகத் தினமும் காலையில் எழுந்து அந்தத் துணியைத் தேடியிருக்கிறாள்.

மற்ற நாய்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவளோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். "உங்க வூட்ல இருக்கறது ஒவ்வொண்ணா சொல்லு. குடுக்கலாமா வேணாமான்னு நான் சொல்றேன்" என்றேன்.

யோசித்தாள். "சோறு?"

"குடுக்கலாம்."

"கஞ்சி?"

"குடுக்கலாம்."

"மீனு?"

"முள்ளு எட்த்துட்டு."

"கருவாடு?"

"உப்பு. வேணாம்."

"முட்டை?"

"வேக வெச்சு."

"வெங்காயம்?"

"கூடவே கூடாது."

"பிஸ்கோத்து?"

"சாதா பிஸ்கோத்து எப்பயாச்சும் ஒண்ணு. கறுப்பா இருக்கற க்ரீம் பிஸ்கோத்து வேணாம்."

அவள் விரல் விட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது விரலில் நின்றுவிட்டது. மேலே பார்த்து யோசித்தாள். வீட்டில் வேறு எதுவும் இருக்கவில்லை.

"அவ்ளோதான்" என்றாள்.

பிறகு குட்டியை மடியில் படுக்கப் போட்டு, நான் தொடுவதற்கு முன்னால், அவளே பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி தாடையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தது. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது.